சாறும் முளையும்

பத்துப்பாட்டைப் பற்றிய வினாவொன்றுக்கு இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் நான் எழுதிய விடை எனக்கு நல்ல புள்ளிகளைப் பெற்றுத் தந்தது. எனினும், அவ்விடையை எழுதிய நாள்வரை பெரும்பாணாற்றுப்படையின் மூலத்தில் ஓரடியையேனும் நான் பொருளுணர்ந்து படித்தவனல்லன். மூத்த மாணவர்கள் வழிவழியாகக் கைமாற்றி வந்த குறிப்புக்களே எனக்கு மூலநூலாயின. இவ்வுண்மையை இங்கு ஒப்புக்கொள்ளுமாறு என்னைத் தூண்டியவை, இலண்டன் புறநகரொன்றில் என் தாய்மாமன் வீட்டுச் சமையலறையிற் கண்ட இரண்டு பானைகளாகும்.

மாமா 1984ஆம் ஆண்டில், இரசாயனவியலைப் பாடமாகக் கொண்ட தம் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு நாடு நீங்கியவர். சென்ற விடுமுறையில் என்னைச் சில வாரங்கள் தம்முடன் தங்குமாறு அழைத்திருந்தார். வார இறுதிகளில் வீட்டிலேயே பியர் ஆக்குவது அவருடைய வழக்கம். மதுவைப் பற்றிப் பேசுவதையே குற்றமாகக் கருதும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இது முதலில் அதிர்ச்சியளித்தது. ஆயின், இங்கிலாந்தில் அது களவுத்தொழிலன்று. வீட்டில் பியர் ஆக்குவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என 1880ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டுப்பாடு 1963ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. விற்பனை செய்யாதவரை, ஒருவர் தம் வீட்டுக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்ளலாம்.

முதல் வாரத்தில் அவர் கையாண்டது எளிய முறை. முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை, அதாவது மோல்ற்றை, ஆலையிலே வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்புச் சாற்றை வடித்து, நீரை ஆவியாக்கித் தேன்போன்ற பாகாகத் தகரத்தில் அடைத்து விற்கிறார்கள். மூன்று கிலோ பாகை நீரிற் கரைத்து, கசப்புக்கும் மணத்துக்குமாக ஹொப் பூக்களை இட்டு ஒரு மணிநேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் இருபது லீற்றர் அளவாக்கி மதுவத்தைச் சேர்த்தார். மூன்று மணித்தியாலத்துள் வேலை முடிந்தது. எஞ்சியது மதுவத்தின் பணி.

அடுத்த வாரம் தானியத்திலிருந்தே தொடங்கினோம். நொறுக்கிய மோல்ற் நாலரைக் கிலோவை ஏறத்தாழ 66 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் நீரில் வைத்திருத்தல் வேண்டும். முளைவிடும்போது தானியத்திலே தோன்றிய நொதியங்கள் அவ்வெப்பநிலையில் மாப்பொருளைச் சீனியாக மாற்றும். வெப்பம் சற்றுக் குறைந்தால் மதுவம் முற்றாக உண்ணக்கூடிய சீனி மிகும். சற்றுக் கூடினால் உண்ணப்படாத பகுதி மிகுந்து பியர் தடிப்பாகும். இத்தெரிவு தகரப்பாகை வாங்குபவருக்கு இல்லை. ஆலை அவருக்காக முன்னரே தெரிந்துவிட்டது.

வெப்பமானியைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. நான் பேச்சிலே மனம் வைத்து, கொதிநீரை அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிட்டேன். பார்த்தபோது வெப்பநிலை 80 பாகையைத் தாண்டியிருந்தது. ஒரு மணிநேரம் கழித்து மாமா ஒரு துளியை வெள்ளைத் தட்டில் இட்டு அயடீன் சேர்த்தார். அது கருநீலமாயிற்று, மாப்பொருள் மாறவில்லை. நொதியங்கள் வெப்பத்தால் அழிந்துவிட்டன. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பானையை ஆறவிட்டு, புதிதாக ஒரு கிலோ மோல்ற்றைக் கலந்தார். மேலும் ஒரு மணிநேரத்தின் பின்னர் அயடீன் நிறம் மாறாதிருந்தது. பிறகு சாற்றை வடித்து, எஞ்சிய தானியத்தை வெந்நீரால் அலசி, முன்போலவே கொதிக்கவைத்தோம். வேலை முடிய இரவாயிற்று.

அவ்வேளையில், சங்ககாலத் தமிழர் அரிசியிலிருந்தே கள் ஆக்கினர் என்று நான் பெருமையாகக் கூறினேன். மாமா சிரித்தார். "தம்பி, அரிசியிலை இருக்கிறது மாப்பொருள். மதுவம் அதைத் தின்னாது. அதைச் சீனியாக்கினது என்னெண்டு உன்ரை பாட்டிலை சொல்லியிருக்கோ?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. குறிப்பில் இருந்தது "அரிசியிலிருந்து கள் சமைத்தனர்" என்ற ஒரு வரியே.

நாடு திரும்பியதும் நூலகத்தில் மூலத்தையும் உரையையும் எடுத்துப் படித்தேன். விடை அங்கே இருந்தது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பாத்திரத்தில் ஆற்றி, அதன் பின்னரே புற்றாஞ்சோறு போலத் தோன்றும் நல்ல முளையைக் கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் விளையவிடுவதாகப் புலவர் கூறுகிறார். முளை கலப்பதற்கு முன் களியை ஆற்றவேண்டியது ஏன் என்பதை எந்த உரையும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. நான் கெடுத்த பானை அதை விளக்கியிருந்தது. குறிப்பைத் தொகுத்தவருக்கு ஆற்றுதலும் முளையும் வேண்டாத விவரங்களாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவையின்றிக் கள் இல்லை.

தகரப்பாகிலிருந்து ஆக்கிய பியர் தாழ்ந்ததென மாமா ஒருபோதும் சொன்னதில்லை. நேரமில்லாதவருக்கு அது நல்ல வழி என்பார். தொடங்குபவருக்கு அதுவே உகந்தது என்பார். தாமும் பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை செய்த காலமெல்லாம் அதையே ஆக்கியதாகக் கூறினார். குறிப்புக்களையும் நான் அவ்வாறே கருத விரும்புகிறேன். பிறர் வடித்த சாற்றைப் பயன்படுத்துவது குற்றமன்று. அதைத் தானே தானியத்திலிருந்து வடித்ததாகக் காட்டிக்கொள்வதே குற்றம். அன்று நான் பெற்ற புள்ளிகளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. படிப்பை முடிக்கக் கொடுத்துவைக்காத ஒருவர், ஆண்டு பல கடந்தும், ஒரு துளி அயடீனோடு தட்டின்மேற் குனிந்து நின்ற காட்சி மட்டும் என் கண்முன் நிற்கிறது. இவ்வாண்டுப் பரீட்சைக்கு நான் மூலத்தோடு அமர்ந்திருக்கிறேன். வேலை மெதுவாகவே நடக்கிறது.