தங்கச்சி ஏறிய விமானம்!

எனக்கு ஒரே தங்கச்சி. அவளுக்கு ஒரே காக்கா, நான். (அதிராம்பட்டினத்தில் எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சென்னை ஆபீஸில் இதைச் சொன்னால், "வடை எங்கே சார்?" என்கிறார்கள்!)

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த ராத்திரி போன் செய்தாள்.

"காக்கா, நான் ஏரோநாட்டிக்கல் படிக்கப் போறேன்."

"ஏன், டீச்சர் டிரெயினிங்கை எல்லாம் மூடிட்டாங்களா?" என்றேன். பெரிய ஜோக் அடித்துவிட்டதாக நினைப்பு!

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம ஊர்ல பிளேன் ஏறாத வீடு இருக்கா? வாப்பா இருபது வருஷமா ஏறி எறங்குறாங்க. ஏறினவங்க ஆயிரம் பேர். செய்யப் போனவங்க யாரு காக்கா?"

வாஸ்தவம்தான். துபாய், சவூதி, மலேசியா என்று அதிரையில் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட்தான் ரேஷன் கார்டு. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020-ல் சுகோய் படைப்பிரிவு வந்ததிலிருந்து, வானத்தில் உறுமல் கேட்டால் இவள் மொட்டை மாடிக்கு ஓடுவாள். உம்மா கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்!

வீட்டில் ஹாஸ்டல் என்றாலே உம்மாவுக்கு பயம். மாமா கையில் ஒரு மாப்பிள்ளை தயார். சவூதியிலிருந்து வாப்பா, "உன் காக்கா என்ன சொல்றானோ, அதான்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று நிரூபிக்க ஆதாரம் தேடி, லஞ்ச் டயத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அகப்பட்டது வேறு.

நிகர் ஷாஜி. செங்கோட்டை விவசாயி மகள். ஊரிலேயே அரசுப் பள்ளி. 1987-ல் இஸ்ரோ. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் போய், சூரியனை இடைவிடாமல் பார்க்கிற இடத்தை 2024 ஜனவரி 6-ல் பிடித்துவிட்டது. நான் தாம்பரத்திலிருந்து பாரிமுனை போவதற்குள் ரெண்டு தடவை வழி தவறுகிற ஆள்!

அடுத்தது, வளர்மதி. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர். 1984-ல் இஸ்ரோ. 2012 ஏப்ரல் 26-ல் பறந்த 1,858 கிலோ ரிசாட்-1 செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநர். அதில் இருந்தது ரேடார். மேகம் மூடினாலும், ராத்திரியானாலும் கீழே இருப்பது தெரியும். ஐப்பசி மழையில் நெல் வயல் முழுகிக் கிடந்தால், மேகம் விலகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் தோண்டினேன். ஆஹா, மாட்டினாள்! நிகர் ஷாஜி திருநெல்வேலியில் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். வளர்மதி கோவையில் படித்தது எலெக்ட்ரிக்கல். உடனே போன் போட்டேன்.

"பார்த்தியா? ரெண்டு பேருமே ஏரோநாட்டிக்கல் படிக்கலை!"

"அப்ப அந்த சீட் கிடைக்கலைன்னாலும் வேற வழியாப் போகலாம்னு சொல்றீங்க. தேங்க்ஸ் காக்கா!"

வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும் இவளை. ஆனால் அவள் சொன்னது சரி. விண்கலம் என்றால் வெறும் கூடு இல்லை. அதற்கு மின்சாரம் வேண்டும், பேச ரேடியோ வேண்டும், யோசிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வாசல்.

மறுநாள் மின்சார ரயில் குரோம்பேட்டையில் நின்றது. எம்.ஐ.டி. இருக்கிற ஊர். ராமேஸ்வரத்திலிருந்து 1950-களில் கலாம் ஏரோநாட்டிக்கல் படிக்க வந்த இடம். சேருவதற்கு ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

அன்றைக்குத் தம்பிக்காக ஒரு அக்கா. இன்றைக்குத் தங்கச்சிக்காக ஒரு காக்கா என்ன வைக்கப் போகிறான்? என்னிடம் வளையல் இல்லை. புல்லட் வாங்க ரெண்டு வருஷமாகச் சேர்த்த பணம் இருந்தது. அன்று ராத்திரியே வாப்பாவிடம், "படிக்கட்டும்" என்றேன்.

கவுன்சலிங்கில் 200-க்குப் போடுகிற கட்-ஆஃபில் எம்.ஐ.டி. கொஞ்சத்தில் நழுவியது. அழுவாள் என்று பயந்தேன். "எலெக்ட்ரானிக்ஸ் போடுங்க காக்கா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் வாசலில் உம்மாதான் அழுதார்.

அந்த டீச்சர் டிரெயினிங் ஜோக்குக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பக்கத்து சீட்காரர் மட்டும் விடுவதாயில்லை. "என்ன சார், புல்லட் எப்போ?"

"கவுன்ட்டவுன் ஓடுது சார். இன்னும் நாலு வருஷம்தான்!"