பேரரசரிடம் கேட் பாஸ் இருக்கிறதா?

விண்வெளிப் படங்களைப் பகடி செய்து நான் வரையும் இணையச் சித்திரக்கதையில் எல்லாக் கப்பல்களும் வடசென்னையின் எண்ணூரில்தான் இறங்கும். சினிமாதான் காரணம். 2018இல் வந்த 'டிக் டிக் டிக்' படத்தின் தொடக்கத்தில் விண்கல் எண்ணூரில் விழுகிறது. விழுந்த கையோடு கதை ஊரை விட்டுக் கிளம்பி, ராணுவம், ராக்கெட் என்று மேலே ஏறிவிடுகிறது. அடிபட்ட தெருவுக்கு மறுநாள் தண்ணீர் லாரி வந்ததா, அந்தக் கல்லை யார் அப்புறப்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் வரையத் தொடங்கினேன்.

பகடி செய்கிறவருக்கு மூலத்தின் மேல் ஆசை வேண்டும். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' நம் தலைக்கு மேலே ஒரு ராட்சதப் போர்க்கப்பல் கடப்பதோடு தொடங்கும். பத்து வருடம் கழித்து 'ஸ்பேஸ்பால்ஸ்' படத்தில் மெல் புரூக்ஸ் அதே காட்சியை எடுத்து, கப்பலை முடியவே முடியாமல் போகவிட்டார். நீளத்தை மட்டும் கூட்டினார், தியேட்டர் சிரித்தது. நான் அந்தக் கப்பலை இறக்கி, எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிறுத்துகிறேன்.

முதல் கட்டத்தில் காசிமேட்டு வானத்தையே மறைத்துக்கொண்டு கப்பல் வருகிறது. இரண்டாவதில் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டி நிற்கிறது. தளபதி கத்துகிறார்: "அண்டம் ஆளும் பேரரசர் வருகிறார்! வழி விடுங்கள்!" மூன்றாவதில், டீ கிளாஸோடு ஒரு டிரைவர்: "கேட் பாஸ் போட்டாச்சா சார்? இல்லன்னா அந்தாண்ட ஓரங்கட்டுங்க, பின்னாடி வண்டி நிக்குது."

டிரைவரின் முகத்தில் துளி நக்கல்கூட இருக்கக் கூடாது. புருவத்தை ஒரு கோடு தூக்கிவிட்டால் போதும், ஆள் ஜோக்கடிப்பவராகி சிரிப்பு போய்விடும். அவர் உண்மையாகவே உதவத்தான் பார்க்கிறார். பேரரசர் தரப்பின் பலூன் எழுத்தால் பிதுங்க வேண்டும். டிரைவரின் பலூனில் காற்றோட்டம் வேண்டும். போனில் தள்ளிப் படிப்பவர்களுக்காக, கடைசிக் கட்டத்துக்கு முன்னால் வெற்றிடம் விடுகிறேன். விரல் நகரும் அந்த நொடியில்தான் சிரிப்பு சூல்கொள்கிறது.

சென்னைத் தமிழ் காதில் விழுந்தாலே சிரிக்க வேண்டும் என்று நம் சினிமா வெகுகாலம் பழக்கிவைத்தது. சந்திரபாபுவுக்கும் லூஸ் மோகனுக்கும் அதில் அபாரமான வித்தை கைவந்திருந்தது. பின்னால் வந்த பலருக்கு அந்தப் பேச்சே மலிவான ஜோக்காகிவிட்டது. என் கதையில் அடி எப்போதும் சிம்மாசனத்தின் மேல்தான் விழும்.

எண்ணூரில் நிஜமாகவே நடந்தவையும் கதைக்குள் வரும். 2017 ஜனவரியில் அங்குள்ள காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் திட்டுத் திட்டாகப் படிந்ததை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், மீனவர்கள் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். அதனால், என் கதையில் போர்க்கோள் ஒன்று வெடித்து கொசஸ்தலையாற்றில் விழும்போது, விண்மீன் கூட்டமைப்பு அனுப்பிவைக்கும் மீட்புக் கப்பல் நிறைய பிளாஸ்டிக் வாளி. வெளியூர்க்காரர்கள் நல்ல கற்பனை என்கிறார்கள். திருவொற்றியூர்க்காரர்கள் சிரித்துவிட்டு ஒரு கணம் பேசாமல் இருக்கிறார்கள். எனக்கு இரண்டுமே வேண்டும். வாளி பிடித்திருக்கும் ஆளை மட்டும் ஒருபோதும் கோமாளியாக வரைய மாட்டேன்.

ராயபுரத்திலோ எர்ணாவூரிலோ யாராவது இப்படி வரைய உட்கார்ந்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெரு பேசுவதை அப்படியே எழுதுங்கள், அந்தப் பேச்சையே ஜோக்காக்கிவிடாதீர்கள். பேரரசரை மட்டும் சும்மா விடாதீர்கள்.