நான்காவது வாரம்

எங்கள் வீட்டில் நீல அட்டை போட்ட நோட்டுப்புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் நாற்பது பக்கங்கள் எங்கள் அறியாமையின் வரலாறு. பிள்ளைகளை ஓட்டப்பந்தயங்களுக்கு அனுப்பும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் உண்டு என்பதால், வெட்கத்தை விட்டு இதை எழுதத் துணிந்தோம்.

திருவாமாத்தூரில் இரண்டு ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. மகள் எட்டாம் வகுப்பில் குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓடி முதலாவதாக வந்தாள். மாவட்டப் போட்டியில் நான்காம் இடம். நன்றாக ஓடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று பலரும் சொன்னார்கள். அச்சொல் எங்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

அன்று முதல் அவளுக்கு ஓய்வு நாள் என்பதே இல்லாமற் போயிற்று. விடியற்காலை நாலரைக்கு எழுப்பிச் சாலையில் ஆறு கிலோமீட்டர். மாலையில் பள்ளித் திடலில் 400 மீட்டரை முழு வேகத்தில் ஆறு முறை. ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் மறுபடியும் ஓட்டம். முதல் இரண்டு மாதங்களில் 74 வினாடி 69 ஆயிற்று. நோட்டில் அதைச் சிவப்பு மையால் எழுதினோம். பிறகு நேரம் குறைய மறுத்தது, பிறகு ஏறலாயிற்று. நாங்கள் செய்ததென்ன? ஆறு முறையை எட்டு முறையாக்கினோம்.

கணைக்கால் எலும்பில் வலி என்றாள். தைலம் தேய்த்தோம். சோறு இறங்கவில்லை என்றாள். சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று எண்ணினோம். மூன்று மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை என்பது தாய்க்குத் தெரிந்திருந்தும், ஓடுகிற பெண்ணுக்கு அது இயல்புதான் என்று யாரோ சொன்னதை நம்பினோம். மாவட்டப் போட்டிக்கு முந்திய வாரம் அவளால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. விழுப்புரத்து மருத்துவர் படங்களைப் பார்த்து, எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் என்றார். பின்னர் தாயைத் தனியே அழைத்து மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிடில் உடல் முதலில் அதை நிறுத்தும், பின்னர் எலும்பை வலுவிழக்கச் செய்யும் என்று விளக்கினார். “இவளுக்கு எந்த வாரம் ஓய்வு?” என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு வாய்த்தது நல்வாய்ப்பு. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், “யூரியா முழுவதையும் நட்ட அன்றே கொட்டிவிடுவீர்களா?” என்றார். கொட்டமாட்டோம், பயிர் தூர்கட்டும்போது கொஞ்சம், கதிர் உருவாகும்போது கொஞ்சம் என்று பிரித்தே இடுவோம். நெல்லுக்குக் காட்டிய பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டத் தவறியிருந்தோம்.

நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளரைப் பற்றி அவர் சொன்னார். தம் மாணவரை முதலில் பல வாரங்கள், வாரத்திற்கு 100 மைல் அளவுக்கு அவசரமின்றி ஓடவைப்பாராம்; அடுத்து மேட்டு நில ஓட்டம்; கடைசியில்தான் வேகப் பயிற்சி. 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், சிறிது நேரத்தில் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். “நூறு மைல் உங்கள் பெண்ணுக்கு அல்ல, வரிசைதான் உங்களுக்கு!” என்று சிரித்தார் ஆசிரியர்.

சோவியத் நாட்டு மத்வேயெவ் 1960-களில் இதையே முறைப்படுத்தி ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இடைமாற்றக் காலம் என ஆண்டைப் பகுத்தார். உடல் முதலில் அதிர்கிறது, பின்னர் தாங்கிக்கொள்கிறது, ஓயாது வருத்தினால் ஒடிந்துபோகிறது என்று ஹான்ஸ் செல்யே 1936-இலேயே எழுதியதை இம்முறைக்கு அடிப்படையாகக் காட்டுவார்கள். அவர் எலிகளில் கண்டதை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்தலாகாது என்று பிற்கால அறிஞர் சிலர் கூறுவதும் நியாயமே. எங்கள் மகளின் காலோ அவர் எழுதியபடியே ஒடிந்தது.

ஆசிரியர் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், செப்டம்பர் இறுதியில் வரும் மாவட்டப் போட்டியை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். போட்டிக்கு முந்திய இரண்டு வாரம் ஓடும் தூரம் பாதியாகும், வேகம் மட்டும் குறையாது. அதற்கு முன் ஆகஸ்டு முதல் 200, 300 மீட்டர் வேக ஓட்டங்கள், இடையில் தாராளமான இளைப்பாறல். ஜூன், ஜூலை மாதங்களில் ஏரிக்கரையில் மெதுவோட்டம், பம்பையாற்று மணலில் சிறு ஓட்டம், தண்டால், பஸ்கி. பி.டி. உஷாவும் பய்யோலிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவர்தாமே! ஐப்பசி, கார்த்திகையில் திடல் சேறாகும்போது திண்ணையிலேயே வலுப் பயிற்சி. கடினமான நாளுக்கு மறுநாள் எளிய நாள். மூன்று வாரம் சுமை கூடும். நான்காவது வாரம் குறையும். இதில் விதிவிலக்குக் கூடாது என்று அடிக்கோடிட்டார்.

மருத்துவர் சொன்னபடி ஆறு வாரம் ஓட்டமில்லை. வேர்க்கடலை, முட்டை, கேழ்வரகு, பால் என்று உணவு பெருகிற்று. நான்காம் மாதம் மாதவிலக்குத் திரும்பியதைத் தாய் நோட்டில் குறித்தபோது, 69 வினாடிக்கு எடுத்த அதே சிவப்பு மையைத்தான் எடுத்தாள்.

அடுத்த ஆண்டு மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள், 66 வினாடி. மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. அவள் அறைச் சுவரில் கோவையின் வித்யா ராம்ராஜ் படம் இருக்கிறது. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தை ஓடிய 55.42 வினாடியை, 39 ஆண்டுகளுக்குப் பின் 2023-இல் ஹாங்சோவில் சமன்செய்து, மறுநாள் வெண்கலமும் வென்ற பெண் அவர். கல்லூரி இடம் கிடைக்குமா என்று இப்போதும் சில இரவுகளில் பேசிக்கொள்கிறோம்.

இதை எழுதும் இவ்வாரம் நான்காவது வாரம். மணி ஐந்தரை ஆகிறது; அவள் உறங்குகிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகையில் வாளி சத்தமிடாமல் பார்த்துக்கொள்கிறோம்.