சம்பளப் பட்டியலில் இல்லாத சிஸ்டர்கள்

அமெரிக்கக் கத்தோலிக்கக் கோயில்களில் டிசம்பர் மாத ஞாயிறு ஒன்றில் முதிய கன்னியருக்காகவும் துறவறச் சகோதரர்களுக்காகவும் சபைக் குருக்களுக்காகவும் தனிக் காணிக்கை எடுக்கிறார்கள். 1988இல் தொடங்கிய வழக்கம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வால் ஸ்ட்ரீட் ஜர்னல்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. சபைகளிடம் தங்கள் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பணமில்லை. பங்குச் சந்தைக்காரர்கள் படிக்கும் பத்திரிகை இதைச் சொல்ல வேண்டியிருந்தது!

1965 வாக்கில் அந்நாட்டில் ஏறத்தாழ 1,80,000 சிஸ்டர்கள் இருந்தார்கள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவர்கள் உழைப்பில் ஓடின. கிடைத்தது சம்பளம் அல்ல, சிறு படி. அதுவும் மடத்துக்கு. அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர அவர்களுக்கு வழி திறந்தது 1972இல்தான். மறைமாவட்டக் குருவை மறைமாவட்டம் பார்த்துக்கொள்ளும். கன்னியரை அவர்கள் சபைதான் பார்க்க வேண்டும். மூத்தவர்களை இளையவர்கள் தாங்குவார்கள் என்பதே ஏற்பாடு. இளையவர்கள் வருவது குறைந்தது.

நம் ஊர்க் கணக்கு வேறு மாதிரி. அரசு உதவி பெறும் பள்ளியில் பாடம் நடத்தும் சிஸ்டருக்கு அரசுச் சம்பளம் உண்டு. அது சபைக்குப் போகிறது. திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் பிரிவு ஓய்வூதியத்தையும் சபைக்கே சேர்க்கிறது. இந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் உச்ச நீதிமன்றம் வரை போனது. வார்த்தைப்பாடு கொடுத்தவர் ‘சிவில் மரணம்’ அடைந்தவர், அவருக்கென்று வருமானமே கிடையாது என்று வாதிட்டார்கள். 2024 நவம்பரில் நீதிமன்றம், வரி பிடிக்கலாம் என்றது. எனக்கு வரியைவிட அந்தச் சொல்தான் உறுத்தியது. செத்துப்போனவள் நாற்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியிருக்கிறாள்.

நடுவில் வெளியேறினால்? செய்த வேலைக்காகச் சபையிடம் எதையும் கேட்க முடியாது என்கிறது 702ஆம் பிரிவு. நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ளச் சொல்லிச் சபைக்கும் ஒரு வரி இருக்கிறது. அந்த அன்பு எவ்வளவு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். பிறந்த வீட்டிலோ ‘சாமிக்குக் கொடுத்தாச்சு’ என்று அவள் பங்கை அண்ணன் தம்பிகள் எப்போதோ பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பது வயதில் ஒரு பெண் எந்தத் தைரியத்தில் பஸ் ஏறுவாள்?

இதற்கும் கீழே ஒரு வரிசை இருக்கிறது. அடுக்களையில், மாட்டுக் கொட்டிலில், விடுதியில், நோயாளிகளின் படுக்கையருகில் வேலை செய்த சிஸ்டர்கள். இவர்களுக்குச் சம்பளப் பட்டியலும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. குடும்பத்தில் ‘வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்று சொல்லப்படும் அதே உழைப்புதான், மடத்தின் சுவருக்குள்.

நான் தங்கிப் படித்த விடுதியில் இருநூறு பேருக்குச் சமைத்தவரை நாங்கள் ‘சமையல் சிஸ்டர்’ என்றே கூப்பிட்டோம். இப்போது சபையின் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இரண்டு முட்டியும் போய்விட்டது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்றேன். “டீச்சர் சிஸ்டருங்களுக்கு மொதல்ல ஆகட்டும்மா. அவங்க சம்பாதிச்சுக் குடுத்தவங்க” என்றார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவராகவே போட்டுக்கொண்ட கணக்கு.

பழைய மாணவியர் நாங்கள் விழா எடுத்து, சால்வை போர்த்துகிறோம். சால்வைகள் அந்த இல்லத்து அலமாரியில் பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. அங்கே தேவை, இரவில் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள், டயப்பர், பிசியோதெரபி. இப்போது எங்களில் ஆறு பேர் மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். இன்னாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுக்க முடியாது, எல்லாம் பொதுவில்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆபரேஷனுக்கான பட்டியலை மட்டும் மதரிடம் பார்க்கக் கேட்டோம். சமையல் சிஸ்டர் பெயர் அதில் இல்லை. “அவங்க கேக்கவே இல்லையே” என்றார் மதர், உண்மையான ஆச்சரியத்தோடு. பிறகு பேனாவை எடுத்து, ஏழாவதாக எழுதினார்.