அடிடா... அடி!

போன வருஷம் நியூஜெர்ஸியில் எங்கள் வீட்டுப் பக்கத்து மைதானத்தில், சனிக்கிழமை காலைகளில் ஒரு ஆள் “அடிடா... அடி!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அது சாட்சாத் அடியேன்தான்.

பையனுக்குப் பத்து வயசு. லிட்டில் லீக் பேஸ்பாலில் சேர்ந்திருந்தான். காலேஜ் டீமில் ஒன் டவுன் இறங்கினவன் நான். இது என்ன பெரிய பிரம்ம வித்தை, மட்டையைச் சுழற்றினால் ஆச்சு என்று நினைத்துவிட்டேன்.

இங்கே பந்து தரையில் குத்தாது. 46 அடி தூரத்திலிருந்து நேரே வரும். முன்னால் இருக்கிற 90 டிகிரிக்குள் அடித்தால்தான் கணக்கு. என் செல்ல லெக் க்ளான்ஸ் இங்கே ஃபவுல்! (அதை அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது தனிக்கதை.) 17 அங்குல அகல ஹோம் ப்ளேட்டுக்கு மேலே, அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் வருகிற பந்தை விட்டால் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அதற்கு வெளியே போகிற பந்து நாலை விட்டால் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஆனால் அந்த வெளிப் பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டால், அதுவும் ஸ்ட்ரைக்தான்.

என் மகன் தலைக்கு மேலே போவது, காலடியில் போவது, ஒன்றையும் விடமாட்டான். நான் கத்தக் கத்த இன்னும் வேகமாக வீசினான். ஆறாவது ஆட்டத்தன்று வயிற்று வலி என்று படுத்துவிட்டான். டாக்டரிடம் போகிற மாதிரி வலி இல்லை என்பது எனக்கும் தெரிந்தது.

கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அடின்னா என்ன அர்த்தம்?”

சொன்னேன்.

“சரி. எதை அடிக்கணும்னு சொன்னீங்களா?”

பதில் இல்லை என்னிடம். ஆபீஸில் வருகிற எல்லா வேலைக்கும் ‘யெஸ் சார்’ என்று மட்டையை வீசுகிறவன் நான். பையனுக்கு என்ன சொல்லித் தருவேன்?

டெட் வில்லியம்ஸ் எழுதிய ‘த சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்’ புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினார். 1941-ல் .406 சராசரி அடித்த மகானுபாவர். ஸ்ட்ரைக் பகுதியை 77 பந்துகளாகப் பிரித்து, எந்த இடத்துப் பந்தை அடித்தால் தன் சராசரி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். வாட்டமாக நடுவில் வந்தால் .400. வெளிப்பக்கம் கீழ் மூலையில் வெறும் .230. அதே ஆள், அதே மட்டை!

கோச் சொன்ன திட்டம் சுலபம். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிறவரை, தனக்குப் பிடித்த ஒரே இடத்துப் பந்துக்கு மட்டும் வீசவேண்டும். இரண்டு ஆகிவிட்டால் மட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து, சின்னதாக வீசி, பக்கத்தில் வருவதையெல்லாம் தொட்டுப் பார்க்கவேண்டும்.

வீட்டு ஹாலில் சாக்ஸைப் பந்தாகச் சுருட்டி எறிந்தேன். மட்டை கிடையாது. “ஆமா”, “வேணாம்” என்று சொல்லவேண்டும், அவ்வளவே. முதல் நாள் எல்லாவற்றுக்கும் “ஆமா”. பத்தாவது நாள், ஆசை காட்டி ஒன்றை லேசாக வெளியே போட்டேன். “வேணாம்பா” என்றான், சிரித்துக்கொண்டு. விளக்கு ஒன்று உடைந்ததற்கு என் தர்மபத்தினி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஆட்டத்துக்கு வந்தான். நான் வாயில் கைக்குட்டையை வைக்காத குறை. ஒரு பந்தை விட்டான். இன்னொன்றை விட்டான். ஒன்றுக்கு வீசித் தவறவிட்டான். ஒன்று ஃபவுல். அப்புறம் இன்னொன்றை விட்டான். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்! கடைசிப் பந்து தாழ்வாக வந்தது. அசையாமல் நின்றான்.

அம்பயர் ஸ்ட்ரைக் என்றுவிட்டார். அவுட்.

‘அடி’ என் தொண்டை வரை வந்து நின்றது.

காரில் ஏறினதும் அவனே ஆரம்பித்தான். “அது பால்தாம்ப்பா. ரெண்டு இன்ச் கீழே.”

“எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.”

கொஞ்ச தூரம் போனதும், “ராத்திரி சாக்ஸ் போடுவியா?” என்றான்.

சுருட்டாமல் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஜோடி. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போக வைத்திருந்தது.