தலைமேல் ஒரு குவிமாடம்

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் நான். ஆயுத ஒப்பந்தங்களுக்கும் நாணய நெருக்கடிகளுக்கும் தமிழ் காண்பதே கடினமென்று வெளியிலிருப்போர் எண்ணுவர். அவற்றுக்கு அகராதி உண்டு. யூதர்கள் உச்சந்தலையில் அணியும் அந்தச் சிறிய வட்டத் துணிக்கு என்ன எழுதுவது? தொப்பி என்றால், வெயிலுக்கு அணிவதும் தொப்பிதான், பொலிஸ்காரர் அணிவதும் தொப்பிதான். குல்லாய் என்றாலோ, 'குல்லாய் போடுதல்' என்ற பேச்சுவழக்கு குறுக்கே வந்து நிற்கிறது.

எபிரேய மொழியில் அதன் பெயர் கிப்பா. குவிமாடம் என்று பொருள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் யார்முல்கா என்பர். 'அரசனுக்கு அஞ்சுதல்' எனப் பொருள்படும் அரமேயத் தொடரிலிருந்து யார்முல்கா பிறந்ததாகப் பக்தர்கள் சொல்வதுண்டு. மொழியறிஞர்கள் இதை ஏற்பதில்லை. போலந்து மொழி வழியே வந்த சொல் என்கின்றனர். கிப்பா என்ற சொல் தொப்பியோடு நின்றுவிடவில்லை. ஜெருசலேமிலுள்ள முஸ்லிம்களின் பாறைக் குவிமாடம் எபிரேயத்தில் கிப்பத் ஹசெலா. இஸ்ரேல் 2011 இல் நிறுவிய ஏவுகணைத் தடுப்பு முறைமை கிப்பத் பர்செல், அதாவது இரும்புக் குவிமாடம்.

ஆண்கள் தலையை மூடவேண்டுமென்று தோராவில் நேரடிக் கட்டளை எதுவும் இல்லை. இறைப்பிரசன்னம் தன் தலைக்கு மேலே உள்ளது என்பதால், ராவ் ஹூனா என்ற அறிஞர் தலையை மூடாமல் நான்கு முழம்கூட நடக்கமாட்டார் எனத் தல்மூத் கூறுகிறது. இத்தகைய கதைகளிலிருந்து வளர்ந்த வழக்கமே பின்னர் அடையாளமாயிற்று. இன்றைய இஸ்ரேலில் பின்னற்கிப்பா அணிபவர் பெரும்பாலும் மதம்சார்ந்த தேசியவாதி. கறுப்பு வெல்வெட் அணிபவர் பெரும்பாலும் கடும் வைதிகர். தேர்தல் காலத்து நிருபருக்கு இதைவிட எளிய அடையாள அட்டை கிடையாது.

அமெரிக்க விமானப்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய சிம்ஹா கோல்ட்மன் ஒரு யூத மதகுரு. வெளியே செல்கையில் கிப்பாவின் மேல் படைத்தொப்பியை அணிந்துகொள்வார். உள்ளே வந்தால் கிப்பா மட்டும் இருக்கும். 1981 இல் ஒரு படைத்துறை நீதிமன்றில் சாட்சி சொன்ன பின்னரே முறைப்பாடு எழுந்தது. 1986 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் சட்டமியற்றி, சீருடையுடன் அடக்கமான சமய அணிகளுக்கு இடமளித்தது.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு உண்டு. 1905 இல் கொழும்பில் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் வாதாட நீதிபதிகள் இடந்தரவில்லை. முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தே அந்த உரிமையை மீட்டனர்.

2018 ஏப்ரலில் பெர்லின் நகரில், கிப்பா அணிந்து நடந்த இஸ்ரேலிய இளைஞரொருவரைச் சிரியாவிலிருந்து வந்த இளைஞர் இடுப்புப் பட்டியால் அடித்தார். அடிபட்டவர் யூதரல்லர், அரபு இஸ்ரேலியர். அதை அணிந்து செல்வதால் ஆபத்தில்லை என்று காட்டவே அணிந்திருந்தார். சில நாட்களில் யூதரும் யூதரல்லாதோரும் கிப்பா அணிந்து பெர்லினில் கூடினர். 2019 மே மாதம், எல்லா இடங்களிலும் எல்லா வேளைகளிலும் கிப்பா அணியுமாறு யூதர்களுக்குத் தம்மால் கூற முடியவில்லை என்றார் யூத எதிர்ப்பைத் தடுக்கும் ஜேர்மன் அரசின் ஆணையாளர். உடனே 'பில்ட்' நாளிதழ், வாசகர்கள் வெட்டியெடுத்து அணியத்தக்க கடதாசிக் கிப்பாவொன்றை முதற்பக்கத்தில் அச்சிட்டது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் பார்த்திருந்தேன்.

இச்செய்தியில் 'தொப்பி அணிந்தவர் தாக்கப்பட்டார்' என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவுமில்லை, செய்திதான் இல்லை. அந்த மனிதர் எதற்காக அடிவாங்கினார் என்பது போய்விடுகிறது. தவிரவும், 'தொப்பி பிரட்டி' என்று முஸ்லிம்களை ஏளனஞ்செய்த ஒரு பேச்சுவழக்கின் நடுவே வளர்ந்தவன் நான். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, அந்தச் சொல்லைக் கூசாமல் சொன்னவர்களை அறிவேன்.

மேசைக்குப் புதிதாக வந்த இளைஞரொருவர் ஒருமுறை கேட்டார்: "ஐயா, கிப்பா என்றால் எங்கட சனத்துக்கு விளங்குமோ?"

"முதல் தரம் 'யூதர்கள் சமய மரபாகத் தலையில் அணியும் சிறு தொப்பி' என்று ஒரு வரி போடும், தம்பி. பிறகு முழுக்கக் கிப்பா என்றே எழுதும்" என்றேன்.

அந்த ஒரு வரியை, இடமில்லை என்று பக்கம் கட்டியவர் இரண்டு தடவை வெட்டினார். இரண்டு தடவையும் போய்த் திரும்பச் சேர்த்துவிட்டு வந்தேன்.