சீட்டை யார் நகர்த்தியது?

போன வைகாசியில் என் அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம். நாமக்கல்லுக்கு வெளியே ஒரு மண்டபம். சாப்பிட்டு முடித்த ஆண்கள் வேப்பமரத்தடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டிப் பேச்சில் இறங்கினார்கள். லாரிக்கு பாடி கட்டுவதும் டேங்கரும் டிரெய்லரும் ஓட்டுவதும் பிழைப்பாக இருக்கிற ஊர் எங்களுடையது. இரண்டு ஆண்கள் சேர்ந்தால் மூன்றாவதாக அங்கே ஒரு வண்டி வந்துவிடும்.

நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். யார் யார் என்னென்ன வண்டி வைத்திருந்தார்கள், எதற்கு பிக்கப் அதிகம், எது வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும், எது நூறைத் தாண்டினால் ஆடும் என்று பேச்சு ஓடியது. நல்ல பேச்சுதான். எனக்கும் பிடித்திருந்தது. சொல்வதற்கு என்னிடமும் இருந்தது. ஒரு மாமா என்னைக் கவனித்துவிட்டு, "ஏம் அம்மணி, நீயுங்கூட ஒரு காரு வெச்சிருக்கியல்ல, நல்லா ஓடுதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரிடம் திரும்பிவிட்டார். "என்ன மைலேஜுங்க மாப்ள குடுக்குது?"

"பதினஞ்சு குடுக்குமுங்க" என்றார் அவர். அந்தக் காருக்கு அவர் ஒருநாளும் பெட்ரோல் போட்டதில்லை. பதினேழு கொடுக்கும்.

அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். நானும் வண்டிப் பிரியைதான். நான் அறிந்த வண்டிகளை நானும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில், நான் ஓட்டவே ஓட்டாத வண்டி. அப்பாவுக்கு ஒரு லேலண்ட் லாரி இருந்தது. அந்தக் காலத்து லாரியில் கியரைக் குறைக்க ஒருமுறை கிளட்ச் மிதித்தால் போதாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்ச் மிதித்துத்தான் கியரைப் போடவேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். நடுவில் இன்ஜின் ஒருமுறை உறுமி அடங்கும். ராத்திரியில் தெருமுனையில் அந்த உறுமல் கேட்டால், திரும்புவது அப்பா வண்டியா வேறு வண்டியா என்று படுக்கையிலிருந்தே சொல்லிவிடுவேன். அண்ணனுக்கு அது தெரியாது. ஆனால் பதினைந்து வயதில் வறண்ட ஏரிக்குள் ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைக்கப்பட்டது அண்ணன்தான். நானும் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. என் தலையைத் தடவி, "உனக்கு எதுக்கு கண்ணு அதெல்லாம்" என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாசமாகச் சொன்னதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்தது டி.வி.எஸ். 50. 1993-ல் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தபோது வாங்கியது. பள்ளிக்கூடம் பதினான்கு கிலோமீட்டர். கியர் கிடையாது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றவேண்டும். ஆடி மாதத்து எதிர்க்காற்றில் அதுவும் நானும் சேர்ந்து மூச்சுவாங்குவோம். ஏற்றத்தில் பெடலை மிதித்து உதவவேண்டும். பிக்கப் பற்றிப் பேச அதில் ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு மணி நேரமும், பஸ்ஸுக்குள் இடித்த தோள்களும் அதோடு தீர்ந்தன. இன்றும் எங்கள் பக்கம் பூக்கூடையையும் தீவனமூட்டையையும் அதில் கட்டிக்கொண்டு போகிற பெண்களைப் பார்க்கிறேன். கார் என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எந்த வண்டி உசத்தி என்று அவர்களைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

1999-ல் கார் கற்றுக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். மூன்றாம் நாளே நன்றாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பத்தாம் நாள் அவர், "கால எடுத்துட்டனுங்க டீச்சர்" என்றார். அடுத்த நொடி இன்ஜின் நின்றுவிட்டது. அதுவரை ஓட்டியது அவர் கால்தான். அந்தப் பத்தாம் நாளைத்தான் நான் முதல் நாளாகக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

அதே வருடம் எங்கள் வீட்டுக்கு மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை வலிக்கும். சக்கரம் ஒரு சுற்று உருண்டுவிட்டால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். இதைப் புரிந்துகொண்டால் பலம் தேவையில்லை. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டு, இன்ஜின் சத்தம் சீராகும்வரை காத்திருந்து, பிறகு மெல்ல உள்ளே தள்ளவேண்டும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது மூன்றாவது மாதத்தில் என் பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. அதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. கணவருக்கு ஈரோட்டில் வேலை. வாரநாட்களில் பஸ்ஸில் போய்வந்தார். அதனால் வண்டி என் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்காருவார். நான் ஓட்ட, அவருடைய வலது கால் தரைவிரிப்பில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

அந்த வண்டியில்தான் மூன்று டீச்சர்களை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போனேன். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் ஏற்றம், வளைவில் முதல் கியர், மறுபடி இரண்டாவது. முப்பதாவது வளைவுக்குமேல் கை தானாகச் செய்ய ஆரம்பித்தது. அதற்கு முந்தைய நாள் அப்பாவிடம் சொன்னபோது சிறிதுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்லயே எறங்கோணும். பிரேக்க நம்பாத, இன்ஜின நம்பு" என்றார். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தை அடக்கும். வண்டியைப் பற்றி அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றுதான். எழுபது வளைவிலும் அவர் குரல் கூடவே வந்தது.

மலையேற்றத்துக்கு கியர் போதவில்லை என்று உலகத்தில் முதலில் சொன்னவர்களில் ஒருவர் ஒரு பெண் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பெர்த்தா பென்ஸ், 1888 ஆகஸ்டில், கணவர் கார்லிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு தூரம் அதற்குமுன் யாரும் காரில் போனதில்லை. எரிபொருளை வழியில் மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் மகன்கள் இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. திரும்பி வந்து, ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்றார். அது சேர்க்கப்பட்டது. அந்தத் தொழிலில் கார்லின் கூட்டாளியின் பங்கை வாங்கக் கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்தவரும் பெர்த்தாதான். 1886-ல் வாங்கிய காப்புரிமை கார்லின் பெயரில் இருந்தது.

என் கதையும் அங்கேதான் வந்து நிற்கிறது. மாருதி 800-க்கான கடன் என் சம்பளத்தில் அறுபது மாதம் பிடிக்கப்பட்டது. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில். "ஆபீஸ் அலைச்சலெல்லாம் உனக்கு எதுக்கு" என்றார், நானும் சரி என்றேன். 2008-ல் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் கார் இல்லை. நல்ல விலைக்குக் கேட்டார்களாம், கொடுத்துவிட்டார். கார் கைமாற 29-ஆம் படிவத்திலும் 30-ஆம் படிவத்திலும் உரிமையாளர் கையெழுத்துப் போடவேண்டும். என் கையெழுத்து தேவைப்படவில்லை. ஒன்பது வருடம் ஓட்டி, ஐந்து வருடம் கடன் கட்டிய எனக்கு அந்தக் காகிதங்களில் இடமே இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்து வந்தது பெரிய டீசல் வண்டி. "இது கனமான வண்டி, உனக்கு ஒத்துவராது" என்றார். 1993-லிருந்தே குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி என்பவர் அரசுப் பேருந்து ஓட்டினார் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். உண்மையைச் சொல்லவேண்டும், நான் ஓட்டியதிலேயே ஓட்டுவதற்கு அருமையான வண்டி அதுதான். அழுத்தியதும் ஒரு கணம் யோசிக்கும். இன்ஜின் இரண்டாயிரம் சுற்றைத் தாண்டியதும் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தி இழுத்துக்கொண்டு போகும். மொத்தம் மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் மறுநாள் காலை ஒரே கேள்வி: "சீட்ட யாரு நகர்த்துனா?" வீட்டில் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கடைசித் தடவை, இறங்குவதற்கு முன் சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியை அவர் உயரத்துக்குத் திருப்பி, நான் உட்கார்ந்த தடமே இல்லாமல் செய்துவிட்டு இறங்கினேன். அதன்பிறகு அதன் சாவியைத் தொடவில்லை.

சீட் சின்ன விஷயமில்லை. என் உயரம் 152 செ.மீ. கிளட்சை முழுவதும் மிதிக்க நான் முன்னால் நகர்ந்தே ஆகவேண்டும். நகர்ந்தால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு அருகில் வந்துவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 25 செ.மீ. இருப்பது நல்லது என்கிறார்கள். கார்களை மோதிப் பார்க்கும் சோதனைகளில் பல பத்தாண்டுகளாக முதன்மையாக உட்காரவைக்கப்படும் பொம்மை சுமார் 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆண். பெண் என்று வைத்த பொம்மையும் அதைச் சுருக்கிச் செய்ததே. சராசரிப் பெண் உடலை அளவாகக் கொண்ட பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் 2022-ல்தான் காட்டினார்கள். சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர் கடுமையாகக் காயப்படும் வாய்ப்பு, அதேபோன்ற விபத்தில் பெல்ட் போட்ட ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2011-ல் சொன்னது. எங்கள் வீட்டில் கேட்ட கேள்வியைத்தான் கார் செய்கிறவர்களும் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல.

2009-ல் பழைய வேகன்ஆர் ஒன்றை வாங்கினேன். 1061 சிசி, நான்கு சிலிண்டர். பணம் என்னுடையது. படிவத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது, கொல்லிமலையில்கூட அப்படி நடுங்கவில்லை. உயரமான வண்டி, ஏறி உட்கார்ந்தால் நாலுபக்கமும் தெரியும். நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடக்கும்போது காற்றுக்குக் கொஞ்சம் அசையும், ஸ்டீயரிங்கை இறுக்காமல் தளர்வாகப் பிடித்தால் தானே நேராகும். பெரிய டீசல் வண்டியின் இழுவை இதற்கு இல்லை. மாருதி 800-இன் விளையாட்டுத்தனமும் இல்லை. ஆனால் சீட் ஒரே பள்ளத்தில் நிற்கிறது. கண்ணாடியில் நான் பார்க்கவேண்டியதுதான் தெரிகிறது. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்ற கேள்விகள் இன்னும் உண்டு, சாவியை எடுக்கலாமா என்ற கேள்வி மட்டும் இல்லை. வண்டிகளை ஒப்பிடும்போது ஆண்கள் இந்த ஒரு அம்சத்தைப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது எப்போதும் இருந்துவந்திருக்கிறது.

நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்து வாசலில் அண்ணன் மகள் என் பின்னாலேயே வந்தாள். வயது இருபத்து மூன்று. "அத்தை, எனக்குக் கத்துக் குடுக்கறீங்களா? அப்பாகிட்ட கேட்டா உனக்கு எதுக்கு கண்ணுங்கறாரு." ஏரிக்குள் லாரி ஓட்டிய என் அண்ணன்தான் அவள் அப்பா.

எல்.எல்.ஆர். எடுத்து, டிரைவிங் ஸ்கூலில் படித்து, லைசென்ஸும் வாங்கினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை என் வண்டியில் உட்காரவைத்தேன். மோகனூர் சாலையில் எதிரே ஒரு பஸ் வந்தபோது என் வலது கால் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. அவள் பார்த்துவிட்டாள். "அங்க பிரேக் இல்லீங்க அத்தை" என்றாள். இரண்டு கால்களையும் மடித்து சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன். காவிரிப் பாலம் வரை அப்படியே போனோம்.

அவள் என்னைவிட உயரம். மறுநாள் காலை பள்ளிக்கூடம் கிளம்ப ஏறி உட்கார்ந்தால் கிளட்ச் எட்டவில்லை. சீட் இரண்டு பள்ளம் பின்னால் போயிருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.